பொய்ப் பழுது சொல்லாத நயீம்

மனிதர்களைக் கொஞ்சமும் மதிக்காத ஒருவன் அவர்களிடம் பொய் சொல்லாமல் வாழ்வது எப்படி? திருச்செங்கோட்டில் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் நயீமோடு பழகியவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். யோசித்துப் பார்த்தால் பொய்யும் ஒருவகை மரியாதைதான். எதிரே நிற்பவன் மனம் நோகுமே, நம்மைப் பற்றி என்ன நினைப்பானோ என்று கவலைப்படுகிறவனுக்குத்தான் அது தேவைப்படுகிறது. நயீமுக்கு அந்தக் கவலை இல்லை. ஊர் அதற்கு நேர்மை என்று பெயர் வைத்தது. ஒரு பெயர் வைத்துவிட்டால் ஊர் மேற்கொண்டு யோசிக்காது.

"நயீம் பாய் பொய்ப் பழுது சொல்ல மாட்டாருங்க" என்பார்கள். ஒயர் கழன்று கிடப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே அது போச்சு, இது போச்சு என்று அடுக்குகிற தொழிலில் இது சின்னப் பெயர் அல்ல. கூடவே, "வாயத் தொறந்தாத்தான் தாங்காது" என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

அவன் பிறந்தது சேலம் கோட்டையில். அத்தா ரஹமத்துல்லாவுக்குக் கடைவீதியில் பாத்திரக் கடை. அடி நசுங்கிய ஒரு குண்டாவை எடுத்து, "இது உங்களுக்குன்னே தனியா எடுத்து வச்சதும்மா" என்று காலையில் வந்த பெண்ணிடம் நீட்டுவார். அவர் வாங்காமல் போனால் மதியம் வந்தவரிடம் அதே குண்டா, அதே சொல். நயீம் பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அத்தா சொன்ன பொய் அவனை உறுத்தவில்லை. அதைக் கேட்டதும் வாங்க வந்தவர்களின் முகம் மலர்ந்ததே, அதைத்தான் அவனால் சகிக்க முடியவில்லை. இவ்வளவு லேசாக ஏமாறுகிறவர்களை எப்படி மதிப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டான். சின்ன வயதில் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றை மனிதர்கள் பிறகு திறந்தே பார்ப்பதில்லை. நயீமும் பார்க்கவில்லை.

படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். சேலத்தில் ஒரு சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். முதலாளி ஒரு வாடிக்கையாளரிடம் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையிலிருந்து, "இல்லீங்க, ரேம் லூசா இருக்கு, அழுத்தி விட்டா சரியாயிடும்" என்றான். அன்றோடு அந்த வேலை போனது. கல்யாணமானதும் மனைவி ஷாஹீனின் ஊரான திருச்செங்கோட்டுக்கு வந்து, சங்ககிரி சாலையில் ஒரு மாடியறையைப் பிடித்துக் கடை போட்டான். பழைய பெட்டிகளுக்கு இந்த ஊரைப் போல வேறு ஊர் அமையாது என்று அவன் கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது.

ஊரைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியை இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு புதிதாக இறக்குவார்கள். அது ராஜஸ்தானிலோ ஆப்பிரிக்காவிலோ போய் நிற்கும். அங்கிருந்து மகனோ மானேஜரோ நெட் வழியாகப் பேசுவான். அந்தக் குரலைப் பிடிப்பதற்கு ஆபீசில் இருப்பதோ, மகன் பத்தாவது பாஸானபோது வாங்கிய டெஸ்க்டாப். அது பிறந்த காலத்தில் அதற்கு வைஃபை என்றால் என்னவென்றே தெரியாது. அதைப் பிடிக்கப் பின்புறம் விரல் நுனியளவு ஒரு டாங்கிளைச் செருகி, இரும்பு மேசைக்கு அடியில், கால் மிதிக்கிற இடத்தில் தள்ளி வைத்திருப்பார்கள். பேச்சு விட்டு விட்டு வருகிறது என்று நயீமுக்குப் போன் வரும். மாற்றிவிடுங்கள் என்றால், "நல்லாத்தானுங்க ஓடுது, எதுக்கு மாத்தறது?" என்பார்கள். நல்லா ஓடுகிறதென்றால் என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்பான். கோபமாகக் கூட இருக்காது அவன் குரல். கணக்கு தப்பாகப் போட்ட பையனின் நோட்டைப் பார்க்கிற வாத்தியாரின் சலிப்புதான் இருக்கும்.

வீடுகள் இன்னும் மோசம். தென்மேற்கு மூலை குபேர மூலை, பீரோ அங்கேதான் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லியிருப்பார். நெட்டும் செல்வம்தானே என்று ரவுட்டரையும் கொண்டுபோய் பீரோவுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார்கள். "வைஃபைங்கறது ரிக்கு இல்லீங்க, இரும்பத் தொளைச்சுக்கிட்டு வர்றதுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தான். அவர்கள் ரவுட்டரை நகர்த்தினார்களா என்றால் இல்லை. வேறொரு வாஸ்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அவனுக்கு ஓய்வே இருக்காது. இந்தப் பக்கத்தில் பூஜைக்கு ரிக்குக்கும் கம்ப்ரசருக்கும் வைக்கிற சந்தனப் பொட்டைக் கம்ப்யூட்டருக்கும் வைப்பார்கள். லேப்டாப்பில் எங்கே வைப்பது? நெற்றி என்று எதைச் சொல்ல முடியுமோ அங்கே, திரைக்கு மேலே, நட்டநடுவில். மைக்கின் ஊசித் துளையும் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் சந்தனம் காய்ந்து இறுகியதும் இவர்கள் பேசுவது எவருக்கும் கேட்காது. ஊசியும் பல்துலக்கும் பிரஷ்ஷுமாக நயீம் வீடு வீடாகப் போவான். "பொட்டு வெக்கறது உங்க இஷ்டமுங்க. மைக்கு எங்க இருக்குதுன்னு பாத்து வெய்யுங்க" என்பான். அடுத்த வருடம் மறுபடியும் அதே இடத்தில் பொட்டு இருக்கும்.

கண்ணாத்தாள் சமாச்சாரம் நடந்ததும் இப்படி ஒரு ஆயுத பூஜை வாரத்தில்தான். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் கனடாவில். மகன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன டெஸ்க்டாப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனோடு பேசுவார். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எப்போதும் இணைப்பு அறுந்துவிடும். "நெட்டு சரியில்லம்மா" என்று மகன் பிறகு ஒரு வரி அனுப்புவான். நயீம் போய் டாங்கிளை மாற்றினான், ரவுட்டரை நகர்த்தினான், வேறு எண்ணுக்குப் பேசிப் பார்த்தான். கண்ணாடி போலப் பேச்சு வந்தது. கண்ணாத்தாள் வாசல்படியில் நின்று, "சரியாப் போச்சுங்களா தம்பி?" என்று கேட்டார்.

"சரி பண்ண ஒண்ணுமில்லீங்கம்மா. நெட்டு நல்லாத்தான் இருக்குது. மெசினும் நல்லாத்தான் இருக்குது. உங்க பையந்தான் கட் பண்றாரு."

கண்ணாத்தாள் உள்ளே போய் ஒரு தட்டில் கடலையுருண்டை கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த மாதமே அந்த டெஸ்க்டாப்பைத் தெரிந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகப் பேச்சு. ஷாஹீன் இதைக் கேள்விப்பட்டு, "கொஞ்சம் பாத்துச் சொல்லக் கூடாதாங்க?" என்றாள். "நான் என்ன பாத்திரக் கடையா வச்சிருக்கேன்?" என்றான் நயீம். அந்தப் பதிலில் அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது. உண்மையைச் சொன்னதால் வந்த திருப்தி என்று அவன் நினைத்துக்கொண்டான். ஒரு பெண்ணின் ஞாயிற்றுக்கிழமைகளை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, உண்மை தன்னை ஒன்றும் செய்யாமல் விட்டதே என்ற திருப்தியாகவும் அது இருக்கலாம்.

மருதாசலத்தின் வீட்டுக்கு அவன் முதலில் போனது கொரோனா காலத்தில். மருதாசலம் சொந்தமாக ரிக் லாரிகள் ஓட்டுகிறவர். மகள் பிரவீனா இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி மூடிக் கிடக்க, பாடமெல்லாம் லேப்டாப்பில் நடந்தது. அது அப்போதே பழைய லேப்டாப். யாரோ ஹெட்செட் ஒயரை மிதித்ததில் அதன் முனையிலிருந்த பின் ஒடிந்து, பக்கவாட்டிலுள்ள மைக் துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவள் பேசுவது வகுப்பில் யாருக்கும் கேட்கவில்லை. நயீம் ஒரு ரீஃபில் குழாயின் முனையில் பசை தடவி, உள்ளே விட்டு, ஒட்டியதும் இழுத்து எடுத்தான். யாரும் கேட்காமலே விளக்கம் சொல்வது அவன் வழக்கம். அன்றும் சொன்னான்.

"இந்த ஓட்டைல பின்னு இருந்தா, வெளிய வேற மைக்கு மாட்டியிருக்குதுன்னு இது நெனச்சுக்கும். உள்ள இருக்கற மைக்க அடைச்சிரும். அவ்வளவு முட்டாள் மெசினு."

பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மருதாசலம் கேட்டார். "அப்ப ஒயரு வேண்டாம்? வெறும் பின்னு போதுமுங்களா?"

"போதுமுங்க. வாய்ல துணி அடைச்ச மாதிரிதான். ஆனா காது கேக்கும். கேக்கற ஓட்டை வேற, பேசற ஓட்டை வேற."

"நம்ம ஃபுட்வால்வாட்டம்" என்றார் மருதாசலம். "தண்ணி மேல ஏறும். கீழ எறங்காது."

நயீமுக்கு அன்று மனம் குளிர்ந்தது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கிறான். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு, டீ குடிக்கிறீங்களா என்பார்கள். புரிந்துகொண்ட ஒரே ஆள் இவர்தான். சொல்லிக் கொடுக்கிறவர்கள், புரிந்துகொண்டவன் அதை வைத்து என்ன செய்யப்போகிறான் என்று கேட்டுக்கொள்வதில்லை.

பிரவீனா படிப்பை முடித்து, வேலைக்குப் போய், கூடப் படித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிற வீட்டுப் பையன், வேறு சாதி. இருவரும் பூனாவுக்குப் போய்விட்டார்கள். மருதாசலம் பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போனார். எரிகிற கற்பூரத்தின் மேல் கையை அடித்து, "இனி எங்க ஊட்டுலருந்து ஒரு சொல்லு அவளுக்குப் போகாது" என்று சத்தியம் செய்தார். வீட்டிலிருந்த போன்களில் அவளுடைய எண்ணை அழித்து, அவள் கூப்பிட்டாலும் வராதபடி தடுத்து வைத்தார். மனைவி வசந்தாமணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் எல்லாரும் அவரை மெச்சினார்கள். அடுத்தவன் வீட்டு வீறாப்பை மெச்சுவதற்கு யாருக்கும் ஒன்றும் செலவாவதில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் வசந்தாமணி காய்கறிப் பையோடு நயீம் கடையின் படியேறி வந்தார். மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, அவ பேசறது எனக்குக் கேக்குதுங்க. நாம் பேசறது அவளுக்குக் கேக்கறதில்லீங்க."

"யாருங்கக்கா?"

"பிரவீனாதானுங்க. வேற யாரு எனக்கு?"

நடந்தது இதுதான். பிரவீனாவின் பழைய லேப்டாப்பை வசந்தாமணி பக்திப் பாட்டுக் கேட்க வைத்துக்கொண்டிருந்தார். பேசுகிற ஆப் அந்தப் பழைய விண்டோஸில் ஓடாது என்று முன்பு நயீம்தான் பிரவுசரிலேயே அதைத் திறந்து விட்டிருந்தான். மகளின் பழைய கணக்கு அதில் அப்படியே திறந்து கிடந்தது. ஒரு சாயங்காலம் திடீரென்று லேப்டாப் மணியடித்தது. தொட்டால், புதுக் கணக்கிலிருந்து கூப்பிட்ட மகள் குரல். மருதாசலம் ரிக் யார்டுக்குப் போகிற நேரம் பார்த்துத் தாயும் மகளும் கொஞ்ச நாள் ஆசை தீரப் பேசினார்கள்.

"ஆயுத பூஜ வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு. அதுக்கப்பறம் நாங் கத்தறன், அவளுக்கு ஒண்ணுங் கேக்கறதில்ல. அம்மா அம்மாங்கறா. தொண்ட கிழியக் கத்தறனுங்க தம்பி."

"மெசேஜ் அடிக்கலாமில்லீங்க? நான் வேணா வந்து அடிச்சுத் தாரேன்."

"எழுத்துல வந்தா நம்ப மாட்டாளுங்க. அவங்கப்பன் ஆள வெச்சு அடிச்சுப்போட்டாருன்னு நெனப்பா. என்ற சத்தம் கேக்கோணும் அவளுக்கு. போன்ல கூப்புட நெம்பருந் தெரியலீங்க." வசந்தாமணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்து சொல்லிப்போட்டா. 'போன எடுக்கற, பேச மாட்டீங்கற. அப்பா பக்கம் சேந்துட்ட. வெள்ளிக்கெழம ஒருக்காக் கூப்புடுவேன். அன்னிக்கும் சத்தமில்லீன்னா இனி தொந்தரவு பண்ண மாட்டேன்'னு. மாசமா இருக்கறாளுங்க. ஏழு."

"மைக்குல பொட்டு வெச்சிருப்பீங்க" என்றான் நயீம், இரக்கமில்லாமல்.

"வெச்சனுங்களே. வருசா வருசம் வெப்பனே."

"அதான. வெள்ளிக்கெழம வாரேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனான். ஊருக்கு வெளியே, சுற்றிலும் ரிக் பைப்புகள் அடுக்கிய பெரிய வளாகத்துக்குள் வீடு. வசந்தாமணி லேப்டாப்பை மேசையில் எடுத்து வைத்துவிட்டு, பிரவீனா கூப்பிடுவதற்கு இன்னும் நேரமிருக்கிறது, டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனார். திரைக்கு மேலே எதிர்பார்த்தபடியே சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஊசியால் சுரண்டி, பிரஷ்ஷால் துடைத்து, தன் போனுக்கு ஒரு அழைப்புப் போட்டுப் பேசிப் பார்த்தான். போனில் சத்தமே இல்லை.

நெட்டைப் பார்த்தான். ரவுட்டர் வழக்கம்போலப் பீரோவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஆனாலும் வேகம் போதும். பிரவுசர் மைக்குக்கு அனுமதி கேட்டு மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. மியூட்டும் இல்லை. சவுண்ட் செட்டிங்ஸில், உள்ளே இருக்கிற மைக் மங்கலாகத் தெரிந்தது. வெளியிலிருந்து மாட்டிய மைக் ஒன்று வேலை செய்துகொண்டிருப்பதாகப் பச்சை டிக் காட்டியது. வெளியே எந்த மைக்கும் இல்லை.

லேப்டாப்பைப் பக்கவாட்டில் திருப்பி டார்ச் அடித்தான். இளஞ்சிவப்பு வளையமுள்ள மைக் துளைக்குள் பளபளவென்று ஒரு வட்டம் தெரிந்தது. இடுக்கியின் முனையை விட்டு மெல்ல இழுத்தான். ஹெட்செட்டின் பின். ஒடிந்த பின் அல்ல. ஒடிந்தால் விளிம்பு கோணலாக, பல் பல்லாக இருக்கும். இது கட்டிங் பிளேயரால் ஒரே அழுத்தில் நறுக்கியது. துளைக்கு வெளியே மயிரிழை கூட நீட்டாமல் அளவு பார்த்து நறுக்கி உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

நயீம் தலையைத் தூக்கினான். பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சுவரை ஒட்டி ஒரு நாற்காலி. டிவியைப் பார்த்தோ ஜன்னலைப் பார்த்தோ போட்டதில்லை. இந்த மேசை இருக்கிற சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. அதிலிருந்து மருதாசலம் எழுந்து வந்துகொண்டிருந்தார். யார்டுக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பின்கட்டு வழியாக வந்து அங்கே உட்காருவது பல நாள் வழக்கம் போலிருக்கிறது. செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

"ஃபுட்வால்வுங்களா?" என்று நயீம் மெல்லக் கேட்டான்.

மருதாசலம் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சத்தியம் பண்ணியிருக்கறன் பாய். நம்ம ஊட்டுலருந்து சொல்லு போகாதுன்னு. அங்கிருந்து வரக் கூடாதுன்னு நாஞ் சொல்லல."

"சாமிகிட்டயே வக்கீல் வேலையா?"

"கேக்கறன், அவ்வளவுதானுங்க. அவ சத்தத்த. அதுல என்ன தப்பு?"

"அக்கா கத்துனாங்களே, அது கேக்கலீங்களா?"

அவர் பெருவிரலால் தரையைத் தேய்த்தார். மகள் குரலும் வேண்டும், பங்காளிகள் மத்தியில் மீசையும் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள மனைவியின் வாயை அடைத்திருக்கிறார். அதைத் துணிந்து செய்யாமல் ஒரு பின்னின் தலையில் கட்டியிருக்கிறார். கோழைத்தனத்தை இவ்வளவு அளவெடுத்து நறுக்கி நயீம் பார்த்ததில்லை. தன் வாழ்நாளில் பார்த்த அத்தனை முட்டாள்களும் இந்த மனிதருக்குப் பக்கத்தில் கௌரவமானவர்களாகத் தெரிந்தார்கள். அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தது தான்தான் என்பதும் அவனுக்கு நினைவு வந்திருக்கும். அது அவன் வெறுப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

"அதத் திருப்பிச் சொருகிப்போடுங்க பாய்" என்றார் மருதாசலம், கெஞ்சுகிறாரா கட்டளையிடுகிறாரா என்று பிரிக்க முடியாத குரலில். "மெசினு பழசு, மைக்கு போயிருச்சுன்னு சொல்லிருங்க. வேற யாரு சொன்னாலும் எங்கூட்டுக்காரி நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா. உங்க பேரு அப்படி."

இத்தனை வருட நேர்மைக்கு ஊர் கொடுத்த மதிப்பு எதற்குப் பயன்படுகிறது என்பதை நயீம் அப்போதுதான் பார்த்திருப்பான்.

டம்ளர் சத்தம் கேட்டது. வசந்தாமணி டீயோடு வந்தார். கணவர் நிற்பதைப் பார்த்ததும் டீ கொஞ்சம் தட்டில் சிந்தியது. "நீங்க யார்டுக்குப் போகலீங்களா?" என்றார். பிறகு, ஆனது ஆகட்டும் என்பது போல நயீம் பக்கம் திரும்பினார். "என்னாச்சுங்க தம்பி? மைக்கு போயிருச்சுங்களா? எதுவா இருந்தாலுஞ் சொல்லிப்போடுங்க."

நயீமின் உள்ளங்கையில் அந்தப் பின் இருந்தது. கையை விரித்துக் காட்டி, "உங்க ஊட்டுக்காரருதான்" என்று சொன்னால் முடிந்தது. கண்ணாத்தாளிடம் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை. இங்கே அதை வாங்கிக்கொள்ளக் கண்ணாத்தாளைவிடத் தகுதியான ஒருவர் எதிரிலேயே நின்றார். மருதாசலம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சந்தனமுங்கக்கா" என்றான் நயீம். "பொட்டு காஞ்சு மைக்கு ஓட்டைய அடைச்சிருச்சு. சுரண்டிட்டேன். வேற ஒண்ணுமில்ல."

"ஐயோ!" வசந்தாமணி தன் மோதிர விரலையே பார்த்தார். "என்ற கையாலதான வெச்சேன்! என்ற புள்ளைக்குக் கேக்காம என்ற வாய நானே அடைச்சுப்போட்டனே!" தலையில் அடித்துக்கொண்டார். அவர் தலையில் அடித்துக்கொள்வதை மருதாசலம் பார்த்துக்கொண்டு நின்றார். நயீமும் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு ஆண்களில் ஒருவரும், இல்லை, அது நீ செய்ததல்ல என்று சொல்லவில்லை.

லேப்டாப் மணியடித்தது.

வசந்தாமணி ஓடிப்போய்த் தொட்டார். "அம்மா?" என்றது குரல், நம்பிக்கையில்லாமல், கடைசிக் கடமையைச் செய்வது போல.

"சாமி! கேக்குதா சாமி?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "கேக்குதும்மா! எத்தன நாளாக் கூப்புட்டேன்? என்ன கேடு வந்துச்சு உனக்கு?"

"சந்தனஞ் சாமி, சந்தனம்! ஆயுத பூஜைக்கு மைக்குல பொட்டு வெச்சுப்போட்டேன்."

"பொட்டா?" பிரவீனா அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். "அறிவிருக்குதா உனக்கு? நான் அப்பாதான் என்னமோ பண்ணிட்டாருன்னு நெனச்சேன்."

"அப்பனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவரு பாவம்."

மருதாசலம் சத்தமில்லாமல் பக்கத்து அறைக்குள் போனார். நாற்காலி கிரீச்சிட்டது. நயீம் பையை எடுத்துக்கொண்டு, ஆறிப்போன டீயைக் குடிக்காமலே வெளியே வந்தான்.

மருதாசலம் மறுபடி ஒரு பின்னை நறுக்கவில்லை. திருந்தினார் என்று சொல்ல ஆதாரம் ஒன்றும் இல்லை. சந்தனத்தைச் சுரண்டிய பிறகும் குரல் போகவில்லையென்றால் மனைவி வேறு எதையாவது சந்தேகப்படுவாள் என்ற பயமாகவும் இருக்கலாம். பேத்தி பிறந்த பிறகும் அவர் மகளோடு பேசவில்லை. அந்த நாற்காலி அதே இடத்தில் இருக்கிறது. வசந்தாமணி அடுத்த ஆயுத பூஜைக்கு லேப்டாப்பை விட்டுவிட்டுச் சார்ஜருக்குப் பொட்டு வைத்தார்.

நயீம் செய்ததை இரக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இரக்கப்பட்டிருந்தால் அந்தப் பெண்ணைத் தலையில் அடித்துக்கொள்ள விட்டிருப்பானா? மருதாசலத்தைக் காப்பாற்றினான் என்றால், வேறு யாருக்காகவும் சொல்லாத பொய்யை, அறவே மதிக்காத ஒருவருக்காக ஏன் சொன்னான்? வீட்டில் சண்டை வராமல் தாயும் மகளும் பேசட்டும் என்று நினைத்தான் என்றால், அந்த நினைப்பு கண்ணாத்தாள் வீட்டு வாசலில் எங்கே போயிருந்தது?

இந்தக் கடைசிக் கேள்வியை ஷாஹீனே கேட்டாள். வாரச்சந்தையில் வசந்தாமணி அவளைப் பார்த்து, "உங்க ஊட்டுக்காரரு கை நல்ல கை அம்மிணி" என்று சந்தனக் கதையை முழுக்கச் சொல்லியிருந்தார். அன்று சட்டையை ஊறவைக்க எடுத்தபோது பையில் அந்தப் பின் கிடைத்தது. பழுது பார்க்கிறவனோடு குடித்தனம் நடத்துகிறவள். பின் எதற்கு, எந்தத் துளையில் போட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் சோறு போடும்போதே அவள் காதில் விழுந்த பாடம்தான். வெட்டு நேராக இருப்பதையும் பார்த்தாள்.

பின்னை உள்ளங்கையில் வைத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் நீட்டினாள். "சந்தனம்னு சொன்னீங்களாம். அப்ப இது என்னாங்க?"

நயீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கண்ணாத்தாளம்மாகிட்டயும் ஒரு சந்தனம் சொல்லியிருக்கலாமில்ல?"

அவன் எழுந்து கையைக் கழுவினான். அவள் உள்ளங்கையிலிருந்த பின்னை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைச் சாவியை ஆணியிலிருந்து எடுத்தான்.